நெல்லைப் பக்கத்துப் பொங்கல் சாப்பாடு: கிழங்கு உரிக்கும் இரவு முதல் சுண்டக்கறி வரை

பொங்கலுக்கு என்ன சமைப்பீர்கள் என்று கேட்டால் பலரும் சர்க்கரைப் பொங்கல், வடை, பாயசம் என்று சொல்வார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்து வீடுகளில் கேட்டுப் பாருங்கள், முதலில் வரும் சொல் கிழங்கு. சிறுகிழங்கு வாங்கியாச்சா, பனங்கிழங்கு நார் இல்லாமல் கிடைத்ததா, சேனை எங்கே வாங்கினீர்கள், மார்கழிக் கடைசி வாரம் முழுக்க இதே பேச்சுதான். இதற்கு ஒரு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றும். பொங்கலை அறுவடைத் திருநாள் என்கிறோம், சரி. ஆனால் தாமிரபரணிப் பாசனத்தில் பிசானம் என்கிற நெற்பயிர் பெரும்பாலும் மாசி, பங்குனியில்தான் அறுப்புக்கு வரும். தை முதல் தேதி எங்கள் ஊர் வயலில் நெல் இன்னும் பச்சையாக நிற்கும். பொங்கலுக்குப் புது அரிசியைக் கடையில்தான் வாங்குவோம். அந்த நாளில் மண்ணைத் தோண்டினால் கையில் வருவது கிழங்கும் மஞ்சளும். அதனால்தானோ என்னவோ, எங்கள் பொங்கல் இலையில் கிழங்குக்குத்தான் முதல் மரியாதை.

இதை யாருக்காக எழுதுகிறேன் என்றால், இத்தனை வருடம் ஆச்சியோ அம்மாவோ பார்த்துக்கொண்ட பொங்கலை இந்த வருடம் முதல்முறையாகத் தன் பொறுப்பில் எடுத்துச் செய்யப்போகிறவர்களுக்கு. ஊரில் முற்றத்தில் செய்தாலும் சரி, சென்னையில் நாலாவது மாடியில் செய்தாலும் சரி. நான் இரண்டிலும் செய்திருக்கிறேன். அளவெல்லாம் பத்துப் பேருக்கு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சாப்பாட்டை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. எங்கள் ஆச்சி காலத்தில் வீட்டில் பதினைந்து கைகள் இருந்தன, அதை நம்பித்தான் இத்தனை பதார்த்தமும் இந்தப் பண்டிகைக்குள் வந்து சேர்ந்தன. இப்போது கைகள் குறைந்துவிட்டன, பதார்த்தம் குறையவில்லை, வீட்டில் ஒரு பெண் மட்டும் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து நின்றுகொண்டே எல்லாவற்றையும் முடித்துவிட்டு, எல்லோரும் சாப்பிடும்போது பசியே இல்லாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள். அது பண்டிகையே இல்லை. அதனால் கீழே ஒவ்வொரு கட்டத்திலும் எந்த வேலையை யாரிடம் கொடுக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பத்து நாளைக்கு முன்னால்: பானையும் கட்டியும்

பொங்கல் ஜனவரி 14 அல்லது 15 அன்று வரும், காலண்டரில் தை 1 எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நாளைக்கு முன்பே பரணிலிருந்து பானையை இறக்குங்கள். பித்தளைப் பானை என்றால் உள்ளே ஈயப்பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள், தேய்ந்து மஞ்சளாகத் தெரிந்தால் ஈயம் பூசக் கொடுக்க வேண்டும், பண்டிகை நெருங்கிவிட்டால் ஈயம் பூசுகிறவர் கையில் சிக்கமாட்டார். வெண்கலப் பானைக்கு ஈயம் வேண்டாம், ஆனால் அது கீழே விழுந்தால் விரிசல் விடும், சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் பட்டாலும் விரிசல் விடும். பானையைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். கறுத்துக் கிடந்த பானை தன் கையாலேயே பளபளவென்று மாறுவதைப் பார்த்தால் அடுத்த வருடம் அவர்களே கேட்டு வாங்கிச் செய்வார்கள்.

பானைக்கு எவ்வளவு கொள்ளளவு என்று பலர் யோசிப்பதில்லை. பால் பொங்கலுக்கு ஒரு கிலோ அரிசி போடுவதாக இருந்தால் எட்டு லிட்டர் பிடிக்கிற பானை வேண்டும். சர்க்கரைப் பொங்கலுக்கு அரை கிலோ அரிசி, ஐந்து லிட்டர் பானை போதும்.

எங்கள் பக்கம் அடுப்புக்கு மண்ணால் செய்த பொங்கல் கட்டிகள் விற்பார்கள், ஒரு பானைக்கு மூன்று. வாங்கிவந்து வெள்ளையடித்துக் காவிப் பட்டை போட்டு வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரக் கட்டி சூட்டில் பிளந்துவிடும், பானை சாய்ந்துவிடும். கட்டி கிடைக்காத ஊரில் ஒரே உயரமுள்ள மூன்று செங்கல் போதும்.

வீட்டில் இந்த வருடம் கல்யாணமான பெண் இருந்தால் பொங்கல்படிக்கும் இதே வாரத்தில் ஏற்பாடு செய்ய வேண்டும். பானை, அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்குலை, தேங்காய், பழம், காய்கறி, கிழங்கு எல்லாம் பிறந்த வீட்டிலிருந்து போகும். பணமாக அனுப்பிவிடலாமே என்று இப்போது பலர் சொல்கிறார்கள். முடிந்தவரை பொருளாகக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்பேன், அண்ணனோ தம்பியோ கரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பதைப் பார்க்கிற முகம் பணத்துக்கு வராது.

நான்கு நாளைக்கு முன்னால்: கிழங்கு வாங்குவது

கிழங்கு வாங்குவதற்குப் பொறுமையான ஒருவரை அனுப்புங்கள், எங்கள் வீட்டில் அது பெரியப்பா. போகிப் பண்டிகையன்று போனால் விலையும் ஏறியிருக்கும், மிச்சம் கிடப்பதும் நசுங்கினதாக இருக்கும்.

சிறுகிழங்கு இரண்டு கிலோ. தோலும் மண்ணும் போக ஒன்றரை கிலோதான் தேறும். ரொம்பப் பொடியாக வாங்கினால் உரிக்க விடியும், ரொம்பப் பெரிதாக வாங்கினால் ருசி குறையும், கட்டைவிரல் பருமன் சரியாக இருக்கும். மண் ஒட்டியிருப்பதையே வாங்குங்கள். கழுவி வைத்தது பார்க்க அழகாக இருக்கும், இரண்டு நாளில் அழுகும்.

சேனை ஒன்றரை கிலோ, வெட்டின இடம் இளஞ்சிவப்பாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருப்பது நல்லது. பிடிகருணை அரை கிலோ, இது மட்டும் பழசாக இருக்க வேண்டும், தோண்டிச் சில வாரம் ஆன கருணை அவ்வளவாக அரிக்காது. சேம்பு, ஆள்வள்ளி, சர்க்கரைவள்ளி எல்லாம் உங்கள் விருப்பம்.

பனங்கிழங்கு ஒரு கட்டு, 25 கிழங்கு இருக்கும். ஆடி, ஆவணியில் பழுத்து விழுகிற பனம்பழத்தின் கொட்டையை மண்ணில் குவித்துப் புதைத்து வைப்பார்கள், அது முளைவிட்டு மண்ணுக்குள் இறங்கின முளைதான் இந்தக் கிழங்கு. மூன்று நான்கு மாதத்தில், மார்கழி, தையில் தோண்டுவார்கள். தடிமனாக, அடி முதல் நுனி வரை ஒரே சீராக இருப்பதாகப் பாருங்கள். மெலிந்து நீண்டு இருந்தால் நார்தான் அதிகம் இருக்கும்.

மற்றபடி கத்திரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், வெள்ளரிக்காய், பூசணி, அவரை, பச்சை மொச்சை. கரும்பு இரண்டு, தோகையோடு. மஞ்சள்குலை இரண்டு, கிழங்கும் இலையும் சேர்ந்தது. வாழையிலையைப் பண்டிகைக்கு முதல் நாள் வாங்கினால் போதும்.

போகி மாலை

வீடு சுத்தம் செய்வது, வெள்ளையடிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. வேப்பிலை, ஆவாரம்பூ, கண்ணுப்பீளை மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசலில் செருகும் காப்புக்கட்டை மட்டும் மறக்காதீர்கள். தாத்தாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகள் பறித்து வரட்டும். எது ஆவாரம்பூ, எது பீளைப்பூ என்று வேறு எப்போது தெரிந்துகொள்வார்கள்?

போகி இரவு: கிழங்கு உரிப்பது

எனக்கு இந்தப் பண்டிகையில் மிகப் பிடித்த மூன்று மணி நேரம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கே சிறுகிழங்கை ஒரு பெரிய அண்டாவில் தண்ணீர் ஊற்றி ஊறப்போடுங்கள். ஒரு மணி நேரத்தில் மண் இளகி அடியில் தங்கும், தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்றுங்கள். அப்புறம் கிழங்கை ஒரு சுத்தமான கோணிச் சாக்கில் பாதி அளவுக்குப் போட்டு வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, துணி துவைக்கிற கல்லில் அடியுங்கள். ஓங்கி அடித்தால் கிழங்கு உடையும், துணியைக் கும்முவது போல அடித்து உருட்ட வேண்டும். பத்து நிமிடத்தில் முக்கால்வாசித் தோல் சாக்கோடு ஒட்டிக்கொள்ளும். இது வாலிபப் பையன்கள் வேலை. மாடி வீட்டில் சொரசொரப்பான துண்டு ஒன்றில் சுற்றி மொட்டைமாடித் தரையில் உருட்டினாலும் வேலை நடக்கும்.

மீதித் தோலைக் கையால்தான் எடுக்க வேண்டும். கூடத்தில் பழைய பாயை விரித்து, நடுவில் கிழங்கைக் கொட்டி, சுற்றி எல்லோரும் உட்காருங்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். கிழங்கை இடது கையில் பிடித்து, மழுங்கின கத்தியின் முனையால் சுரண்டினால் பழுப்புத் தோல் சுருண்டு வரும், உள்ளே வெள்ளையாக, பசை மாதிரி ஒரு வழுவழுப்பு, மண்வாசமும் ஒரு மாதிரிப் பச்சை வாசமும் கலந்து மூக்கில் ஏறும். உரித்ததை உடனே தண்ணீரில் போட வேண்டும், வெளியே வைத்தால் கறுத்துவிடும். கண் போலக் குழிந்த இடத்தில் மண் தங்கியிருக்கும், அதை நுனியால் கிள்ளி எடுங்கள், ஒரே ஒரு கிழங்கில் மண் இருந்தாலும் மறுநாள் பொரியல் முழுக்க நறநறவென்றிருக்கும். கையில் கறை பிடிக்கும், உட்காருவதற்கு முன்பே தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், முடிந்ததும் புளி போட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும்.

தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகப் பேசும். எங்கள் தாத்தா எந்த வருடம் கிணறு வெட்டினார், எந்த அத்தைக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை பார்த்துக் கடைசியில் எப்படி அது நின்றுபோனது, யார் யாரோடு ஏன் பேசுவதில்லை, எல்லாமே எனக்குச் சிறுகிழங்கு உரிக்கும்போது தெரிந்ததுதான். ஆச்சி போன பிறகு வந்த முதல் பொங்கலில் இரண்டு கிலோவை எதற்கு உரிக்க வேண்டும், குக்கரில் ஒரு விசில் விட்டால் தோல் சுலபமாகக் கழன்றுவிடுமே என்று அப்படியே செய்தோம். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது, ஒன்பது மணிக்கு ஆளுக்கொரு அறைக்குப் போய்விட்டோம். கிழங்கும் குழைந்துபோனது, அதைவிட வீடு வெறிச்சென்று இருந்ததுதான் எங்கள் எல்லோரையும் வாட்டியது. அடுத்த வருடத்திலிருந்து பாயை விரித்துவிட்டோம். ஆள் ரொம்பக் குறைவு, கைக்குழந்தை இருக்கிறது என்றால் குக்கர் வழி தப்பே இல்லை. ஆறு பேருக்கு மேல் இருந்தால் பாயை விரியுங்கள்.

சேனையைத் தண்ணீர் படாத கையால் வெட்டுங்கள். அதில் கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசி மாதிரியான படிகங்கள் இருக்கின்றன, அவை தோலில் குத்துவதால்தான் அரிப்பு. கையில் நன்றாக எண்ணெய் பூசிக்கொண்டு வெட்டினால் தாங்கலாம். சேனையையும் கருணையையும் எப்படிச் சமைத்தாலும் புளிச்சாறு சேர்ப்பதும் நாக்கு அரிக்காமல் இருக்கத்தான். பிள்ளைகளைச் சேனை வெட்டும் இடத்தில் விடாதீர்கள்.

பனங்கிழங்கை மேல்தோல் உரித்து, அடியும் நுனியும் நறுக்கி, மஞ்சள்தூள், உப்பு போட்டுக் குக்கரில் ஐந்தாறு விசில் விட்டால் வேகும். முடிந்தால் கொஞ்சம் மிளகும் பூண்டும் தட்டிப் போடுங்கள். ஆறினதும் இரண்டாகப் பிளந்து நடுவில் இருக்கும் குருத்தை எடுத்துவிட்டு, ஓரத்து நாரை இழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும். கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு இதையும் சுக்குக்காபியையும் கொடுத்தால் பதினோரு மணி வரை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

படுப்பதற்கு முன் இடிசாம்பார்ப் பொடியை முடித்து வைத்துவிடுங்கள். கொத்தமல்லி விதை ஐந்து மேசைக்கரண்டி, மிளகாய்வத்தல் பதினைந்து, கடலைப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, உளுந்து ஒன்று, பச்சரிசி ஒன்று, மிளகு ஒரு தேக்கரண்டி, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, ஒரு துண்டுப் பெருங்காயம். தனித்தனியாக வறுத்து ஆறவைத்து உரலில் இடியுங்கள். உரல் இல்லாவிட்டால் மிக்சியில் விட்டு விட்டு ஓட்டிக் கொரகொரப்பாக எடுங்கள். மாவாக்கிவிட்டால் அது சாதாரண சாம்பார்தான். தேங்காயை மறுநாள் காலையில் வறுத்துச் சேர்த்தால் போதும்.

விடியற்காலை: பானை வைப்பது

ஜனவரி நடுவில் சூரியன் ஆறரையைத் தாண்டித்தான் வரும். சூரியன் எழும் நேரத்தில் பானை பொங்க வேண்டுமென்றால் ஐந்தே முக்காலுக்குத் தீ மூட்ட வேண்டும். நான்கரைக்கு எழுந்தால் குளித்துக் கோலம் போட நேரம் சரியாக இருக்கும்.

இந்த நேரத்தில் வீடு இரண்டாகப் பிரிய வேண்டும். வாசலில் பானைக்கு மூன்று பேர், அடுக்களையில் கறிக்கு மூன்று பேர். ஆண்கள் வாசலில் தீ பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்காத வழக்கத்தை இந்த வருடத்தோடு விட்டுவிடுங்கள். தேங்காய் துருவவும் அவியலுக்கு அரைக்கவும் ஆண்பிள்ளைகளுக்கும் வரும்.

பானையின் வெளிப்புறம் அடிப்பாதியில் சாம்பலைக் குழைத்துப் பூசுங்கள், கரி பிடித்தாலும் பிறகு சுலபமாகக் கழுவலாம். கழுத்தில் மஞ்சள்குலையைக் கட்டி, மூன்று பக்கம் குங்குமம் வையுங்கள்.

இனி முக்கியமான விஷயம். அரிசியைப் போட்டுவிட்டுப் பொங்கும் வரை காத்திருந்தால் பொங்காது, அடிப்பிடிக்கும். அரிசியை முதல் தடவை களைந்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுங்கள். இரண்டாவது, மூன்றாவது தடவை களைந்த தண்ணீரை எடுத்து வைத்து, அதைப் பானையின் கழுத்து வரை ஊற்றி, அரை லிட்டர் பால் சேர்த்துத் தீ மூட்டுங்கள். அரிசித் தண்ணீரில் இருக்கும் மாவும் பாலும் சேர்ந்துதான் நுரை கட்டிப் பொங்க வைக்கின்றன, வெறும் தண்ணீர் கொதிக்குமே தவிர அப்படி எழும்பாது.

எங்கள் ஊரில் காய்ந்த பனையோலைதான் விறகு. சட்டென்று பிடிக்கும், பெரிய ஜ்வாலை விடும், அதே வேகத்தில் அணைந்தும் போகும். அதனால் ஒருவர் அடுப்பை விட்டு அகலாமல் ஒவ்வொரு ஓலையாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் பானையின் ஓரத்தில் சின்னக் குமிழிகள் வரும், பிறகு மேலே ஒரு வெள்ளை ஏடு, அந்த ஏடு நடுவில் மெல்ல உயர்ந்து குடை மாதிரி விரியும். அந்த நேரத்தில் ஓலையை நெருக்கி வையுங்கள். நுரை விளிம்பைத் தாண்டி மஞ்சள் இலை மேல் வழிந்து நெருப்பில் விழுந்து சீறும். பெண்கள் குலவை போடுவார்கள், பிள்ளைகள் பொங்கலோ பொங்கல் என்று கத்துவார்கள், பக்கத்து வீட்டுப் பானையும் அப்போதே பொங்கினால் அந்தத் தெருவே கத்தும். எந்தப் பக்கம் முதலில் வழிந்தது என்று பெரியவர்கள் கவனிப்பார்கள், எங்கள் வீட்டில் பானையைக் கிழக்கே ஒரு நூல் சாய்த்தே வைப்போம்.

பொங்கி முடிந்ததும் தண்ணீரை மூன்று லிட்டர் அளவுக்கு அகப்பையால் மொண்டு தனியே வைத்துக்கொண்டு, வீட்டில் மூத்தவர் கையால் அரிசி போடச் சொல்லுங்கள், மூன்று கை போட்டதும் மற்றவர்களும் ஆளுக்கொரு கை. தீயைக் குறைத்து, ஓலையை விட்டுக் கட்டை விறகுக்கு மாறுங்கள். தண்ணீர் வற்ற வற்ற, மொண்டு வைத்ததை விட்டுக்கொள்ளலாம். புது அரிசி சீக்கிரம் குழையும், தண்ணீர் குறைவாகக் கேட்கும், முழுவதையும் ஒரேயடியாக ஊற்றிவிடாதீர்கள். வெந்ததும் உப்பு.

மாடி வீட்டில் கேஸ் அடுப்பு என்றால் சிறிய பானையாக எடுத்து, அதே முறையில் செய்யுங்கள். பொங்கும் தருணத்தில் தீயைக் கொஞ்சம் குறைத்து, வழிந்ததும் பர்னர் அணைந்திருக்கிறதா என்று உடனே பாருங்கள். குலவை போடுகிற உற்சாகத்தில் அணைந்த பர்னரிலிருந்து கேஸ் வந்துகொண்டிருப்பதை யாரும் கவனிக்காமல் இருந்துவிடக் கூடாது.

சர்க்கரைப் பொங்கல்

அரை கிலோ பச்சரிசிக்கு வறுத்த பாசிப்பருப்பு 125 கிராம், வெல்லம் முக்கால் கிலோ, நெய் 150 மில்லி, முந்திரி, திராட்சை, ஏலக்காய். வெல்லத்தில் கால் பங்கை எடுத்துவிட்டுக் கருப்பட்டி சேர்த்தால் எங்கள் ஊர் மணம் வரும், உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. வெல்லத்தையும் கருப்பட்டியையும் தண்ணீரில் கரைத்து வடிகட்டியே ஆக வேண்டும், இரண்டிலும் மண் இருக்கும்.

ஒரே ஒரு விதிதான். அரிசி இரு விரலுக்கு நடுவில் மசியும் வரை வெல்லப்பாகை ஊற்றாதீர்கள். வெல்லம் சேர்ந்துவிட்டால் அரிசி அதற்கு மேல் வேகாது. நான் ஒரு வருடம் நேரமாகிவிட்டதே என்று முந்தி ஊற்றிவிட்டேன், அதன் பிறகு ஒரு மணி நேரம் தீயில் வைத்தும் அரிசி விறைப்பாகவே நின்றது, வந்திருந்த சித்தப்பாவுக்குப் பல் வலி வேறு. வேக வைக்கும்போதே பாலைச் சேர்த்துவிடுங்கள், வெல்லம் போட்ட பிறகு பால் ஊற்றினால் திரியும்.

அடுக்களையில் அதே நேரம்

எங்கள் வீட்டில் பொங்கலன்று தனியாகக் காலைச் சாப்பாடு கிடையாது. சூரியனுக்குப் படைத்துவிட்டுப் பத்து மணிக்கு இலை போட்டால் அதுதான். அதனால் கறி எல்லாம் ஒன்பதரைக்குள் முடிய வேண்டும்.

முதலில் துவரம்பருப்பு 300 கிராம் வேகட்டும். கத்திரி, முருங்கை, பூசணி, மொச்சையைப் புளித்தண்ணீரில் வேகவிட்டு, பருப்பு சேர்த்து, இடித்த பொடியையும் வறுத்துத் தட்டிய ஒரு கப் தேங்காயையும் கடைசியில் போட்டு இரண்டு கொதியில் இறக்குங்கள். பொடி போட்ட பிறகு நிறையக் கொதித்தால் மணம் போய்விடும். ஆற ஆறக் கெட்டியாகும், கொஞ்சம் தளரவே இறக்கலாம்.

அவியலுக்குக் காயை விரல் நீளத்தில் ஒரே அளவாக வெட்டுவதுதான் பாதி வேலை. சேனை, வாழைக்காய் முதலில், முருங்கை, அவரை அடுத்து, வெள்ளரியும் கத்திரியும் கடைசியில். தேங்காய், பச்சைமிளகாய், சீரகம், இரண்டு சின்ன வெங்காயம் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்துப் போட்டு, அடுப்பை அணைத்த பிறகு கெட்டித் தயிர், பச்சைத் தேங்காயெண்ணெய், கறிவேப்பிலை. கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியைக் குலுக்குங்கள்.

சிறுகிழங்கை உப்பு, மஞ்சளோடு முக்கால் பதம் வேகவைத்து வடித்துக்கொள்ளுங்கள். மிளகாய்வத்தல், சீரகம், நான்கு பல் பூண்டு, ஒரு கை தேங்காய், இவற்றை ஒன்றும் பாதியுமாகத் தட்டுங்கள். தேங்காயெண்ணெயில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம் வதக்கி, தட்டினதைப் போட்டுப் பச்சை வாசம் போனதும் கிழங்கைச் சேர்த்துச் சிறுதீயில் பத்து நிமிடம் புரட்டுங்கள். அடியில் லேசாக மொறுமொறுவென்று பிடிக்கிற பகுதிக்கு எங்கள் வீட்டில் எப்போதும் போட்டி உண்டு.

மிச்சச் சேனையைப் புளித்தண்ணீரில் வேகவைத்து வறுத்துவிடலாம், கருணையை வேகவைத்துத் தோலுரித்துப் புளி விட்டு மசிக்கலாம், பூசணியில் ஒரு கூட்டு. இதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. வடை, பாயசத்தை இந்த நாளில் சேர்த்தால் அடுக்களையில் இருக்கிறவர்கள் சூரியனைப் பார்க்காமலே போய்விடுவார்கள். பானை பொங்கும்போது அடுக்களையை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் வாசலுக்கு வர வேண்டும், அடுப்பை அணைத்துவிட்டாவது வாருங்கள்.

இலை போடுவது

முற்றத்தில் குத்துவிளக்கு, நெல் நிறைத்த படியான நிறைநாழி, இருபக்கமும் கரும்பு. ஒரு தலைவாழை இலையில் சமைக்காத காய்கறி, கிழங்கு, பழம் எல்லாவற்றையும் பரப்பி வையுங்கள், இன்னொரு இலையில் இரண்டு பொங்கலும். தேங்காய் உடைத்துச் சூரியனுக்குக் காட்டிவிட்டு, மாடிருந்தால் மாட்டுக்கும், இல்லாவிட்டால் காக்கைக்கும் ஒரு கை வைத்துவிட்டுச் சாப்பிட உட்காரலாம்.

பரிமாறுகிறவர்கள் தவிர மற்ற எல்லோரும் ஒரே பந்தியாக உட்காருங்கள். பால் பொங்கலில் இடிசாம்பார் ஊற்றி, அவியலையும் கிழங்கையும் மாறி மாறித் தொட்டுச் சாப்பிட வேண்டும். சர்க்கரைப் பொங்கலை இலை ஓரத்தில் கொஞ்சமாக வைத்துக் கடைசியில் இன்னொரு தடவை கேட்பதுதான் எங்கள் வழக்கம். பரிமாறுகிறவர்கள் சாப்பிட உட்காரும்போது முதல் பந்தியில் சாப்பிட்டவர்கள் எழுந்து அவர்களுக்குப் பரிமாற வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

மறுநாள்: பழஞ்சோறும் சுண்டக்கறியும்

பொங்கல் சாப்பாட்டை அளவாகச் செய்து அன்றே தீர்த்துவிடுகிறவர்கள் மறுநாள் விருந்தைத் தவற விடுகிறார்கள். ஒரு கிலோ அரிசி என்று நான் சொன்னதே மிச்சம் வர வேண்டும் என்றுதான்.

பொங்கலன்று மதியமே மிஞ்சிய சாம்பார், அவியல், கூட்டு, கிழங்கு, மசியல் எல்லாவற்றையும் ஒரே மண்சட்டியில் கொட்டி ஒரு கொதி விடுங்கள். தேங்காயும் தயிரும் இருப்பதால் கொதிக்கவிடாமல் மாலை வரை வெளியே வைத்திருக்கக் கூடாது. ராத்திரி இன்னொரு கொதி. வெக்கையாக இருந்தால் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மீந்த பால் பொங்கலில் முழுகும்படி தண்ணீர் ஊற்றி மூடுங்கள்.

காலையில் சட்டியைச் சிறுதீயில் ஏற்றி, அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே சுண்டவிடுங்கள். அரை மணி நேரத்தில் காயெல்லாம் கரைந்து, கறுத்த பழுப்பாகி, ஓரத்தில் எண்ணெய் பிரியும். அதுதான் சுண்டக்கறி. பழஞ்சோற்றைப் பிழிந்து மோர் விட்டு உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தோடு இதைத் தொட்டுச் சாப்பிடும்போது, நேற்று தனித்தனியாக இருந்த ஐந்து ருசியும் ஒன்றாகி ஆறாவதாக ஒன்று வந்திருக்கும். வெளியூரில் இருக்கிற எங்கள் அண்ணன் பொங்கலன்று வர முடியாவிட்டாலும் மறுநாள் காலை ரயிலில் வந்து இறங்கிவிடுவார், இதற்காகத்தான்.

சாப்பிட்டு முடித்ததும் பானைகளைத் தேய்த்துத் துடைத்துக் காயவைத்துப் பரணில் ஏற்றுங்கள். மஞ்சள்குலையின் கிழங்கை எடுத்துக் காயவைத்தால் குளிக்கத் தேய்த்துக்கொள்ள ஆகும். கட்டிகளை மட்டும் உள்ளே வைத்துவிடாதீர்கள். வீட்டில் பெண்பிள்ளைகள் மார்கழி முழுக்க வாசலில் சாண உருண்டையில் பூசணிப்பூ வைத்து, அந்தச் சாணத்தைப் பூவோடு பூத்தட்டிகளாகத் தட்டிக் காயவைத்திருந்தால், தை மாதத்துக்குள் ஒரு நாள் அவர்கள் களிமண்ணில் கட்டிய சிறுவீட்டின் முன்னால் சிறுவீட்டுப் பொங்கல் வைப்பார்கள். அந்தப் பொங்கலைப் பூத்தட்டிகளோடு இலையில் வைத்து விளக்கேற்றி ஆற்றில் விடுவார்கள். அதற்குச் சின்னதாக மூன்று கட்டி வேண்டும்.